பழைய பேக்கிங்கைக் கொண்டாங்க

"எரியாத பேக்கிங் ஒண்ணு வேணும் அம்மிணி" என்றார் திருமலைசாமி.

ரஹிமா வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"பழசைக் கொண்டாந்திருக்கீங்களாண்ணா?"

"பழசு எதுக்கு? அது எரிஞ்சு போச்சு. அதனாலதான புதுசு கேக்கறேன்."

"பழைய பேக்கிங்கைக் கொண்டாங்க. அப்புறம் புதுசைப் பத்திப் பேசலாம்."

சொல்லிவிட்டுக் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். பட்டறைக்குள் பொறி பறந்தது. திருமலைசாமி இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

*

கடை பில்லில் கேஸ்கெட் என்று எழுதுவார்கள். பட்டறையில் அந்தப் பேரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அங்கே அது பேக்கிங்.

இரண்டு இரும்பு முகங்கள் சேரும் இடத்தில் நடுவே வைக்கிற மெல்லிய தகடு அது. என்ஜினில் எரிந்த புகை, சைலன்சருக்குப் போகிற வழியில் வெளியே கசியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை. ஒழுங்காக இருக்கும்வரை அப்படி ஒன்று காரில் இருப்பதே யாருக்கும் நினைவு வராது.

திருமலைசாமிக்குப் பொள்ளாச்சிப் பக்கம் கயிறு மில். வயது ஐம்பத்து மூன்று. அந்த வயதில் மற்றவர்கள் சர்க்கரை அளவைப் பற்றிப் பேசுவார்கள். இவர் டர்போவைப் பற்றிப் பேசுவார்.

இரண்டே கதவு வைத்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வைத்திருந்தார். போன வருஷம் அதன் என்ஜினைப் பிரித்தார். புகை வெளியேறும் ஓட்டைகளைப் பெரிதாக்கினார். வேகத்தைக் கூட்ட டர்போ மாட்டினார். எடை குறையட்டும் என்று பின் சீட்டையும் ஏசியையும் கழற்றி எறிந்தார். காரைச் செய்த கம்பெனிக்காரனே வந்து பார்த்தாலும் தன் பிள்ளை என்று ஒத்துக்கொண்டிருக்க மாட்டான்.

ஆறு வருஷமாகக் கார் ரேலிப் பந்தயத்துக்குப் போகிறார். ஸ்டியரிங் அவர் கையில். இடது பக்கத்துச் சீட்டில் அவர் மனைவி வசந்தாமணி, மடியில் நோட்டை வைத்துக்கொண்டு, அடுத்த வளைவு எந்தப் பக்கம், எவ்வளவு கடுமை என்று எண்ணோடு வரிவரியாகப் படிப்பார். கணவர் கண்ணை மூடிக்கொண்டு அதை நம்பி ஓட்டுவார்.

போன மாதம்வரை அப்படித்தான்.

போன மாத ரேலியில், பதினெட்டாவது கிலோமீட்டரில், "வலது மூணு" என்று படிக்க வேண்டிய இடத்தில் வசந்தாமணி "இடது மூணு" என்று படித்தார். கார் சோளக்காட்டுக்குள் போய் நின்றது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. காருக்கு மூக்கு போனது.

அங்கேயே, மெக்கானிக்குகள், மற்ற ஓட்டுநர்கள், டீ விற்க வந்தவர் என்று இருபது பேர் முன்னால் திருமலைசாமி கத்தினார்.

"எடது வலது தெரியாதவ எதுக்கு வண்டில ஏறோணும்?"

வசந்தாமணி ஹெல்மெட்டைக் கழற்றி பானட்டின் மேல் வைத்தார். மெக்கானிக்குகள் வந்த வேனில் ஏறி உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அந்தக் காரில் அவர் ஏறவில்லை.

அடுத்த ரேலிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. இடது சீட்டுக்குப் பெங்களூரிலிருந்து ஒருவரை ஏற்பாடு செய்திருந்தார் திருமலைசாமி. "அந்த ஆளுக்குத் தமிழ் தெரியாது, ஆனா எடது வலது தெரியும்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் தொங்கிவிடும். வசந்தாமணி இல்லாமல் அந்தக் காரில் உட்கார அவருக்கே பிடிக்கவில்லை என்பது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பேக்கிங் மட்டும் சரியாகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தார். மனுஷன் எதையாவது நம்பித்தானே ஆகவேண்டும்.

*

மறுநாளும் வந்தார். கையில் பழசு இல்லை. வாயில் லிஸ்ட் இருந்தது.

"ஒரு வருஷத்துல நாலு கம்பெனி பேக்கிங் போட்டாச்சு அம்மிணி. ஒண்ணு கிராஃபைட். ஒண்ணு செம்பு. ஒண்ணு ஸ்டீல், மூணு அடுக்கு. கடைசியா ஒண்ணு வெளிநாட்டுல இருந்து வரவழைச்சது. நாலும் எரிஞ்சிருச்சு. நாலும் துரோகிங்க."

"அப்படிச் சொல்லாதீங்கண்ணா."

"வேற எப்படிச் சொல்றது?"

ரஹிமா அந்த நேரம், ஓரமாகக் காத்திருந்த ஒருவரின் பழைய ஜீப்பிலிருந்து பேக்கிங்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். கருகிய தகட்டைக் கிழியாமல் கத்தி முனையால் நெம்பி எடுத்து, இரண்டு உள்ளங்கையிலும் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"ரொம்ப நன்றிங்க" என்றார்.

"எனக்கா? எதுக்கு?"

"உங்களுக்கு இல்லண்ணா. இதுக்கு."

சுந்தராபுரத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ரஹிமாவின் சைலன்சர் பட்டறையில் பழைய பேக்கிங் இல்லாமல் புதுசு கிடைக்காது. பழசைப் பார்த்து முடித்ததும் அந்தம்மா அதற்கு நன்றி சொல்லும். ரேஸ்காரர்கள் அவரைக் குரு என்று கூப்பிடுவது பாதி கேலி. வேலை சுத்தமாக இருந்ததால் மீதிப் பாதி மரியாதை.

குருவுக்கு முப்பத்திரண்டு வயது. ஐம்பத்து மூன்று வயதுச் சீடருக்குப் பொறுமை போய்விட்டது.

"சரிங்க குருவே, என்னையும் சீடனாச் சேத்துக்குங்க. ஆனா நல்ல பேக்கிங் எதுன்னு பேரை மட்டும் சொல்லிருங்க. நான் கிளம்பறேன்."

"பழசைக் கொண்டாங்க."

"அதான் கழட்டிக் கழட்டி வீசிட்டேங்கறனே!"

"நீங்க வீசியிருப்பீங்க. யாராச்சும் எடுத்து வச்சிருப்பாங்க. வீட்ல கேட்டுப் பாருங்க."

*

வீட்டில் வசந்தாமணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எரிஞ்ச பேக்கிங் ஏதாச்சும் கெடக்குதா?" என்று திருமலைசாமி சுவரைப் பார்த்துக் கேட்டார். அந்த ஒரு மாதமாக இருவரும் சுவரிடம்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வசந்தாமணி எழுந்து உள்ளே போனார். ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். மறுபடி கீரைக்கு உட்கார்ந்துகொண்டார்.

திருமலைசாமி மூடியைத் திறந்தார். நான்கும் இருந்தன. ஒவ்வொன்றும் பழைய காலண்டர் தாளில் சுற்றி நூல் கட்டியிருந்தது. தாளின் மேல் பேனாவால் பொடிப்பொடியாக என்னவோ எழுதியிருந்தது.

எழுத்தை அவர் படிக்கவில்லை. டின்னை மூடி எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கருகிய தகட்டுக்கு நன்றி சொல்கிற ஒருவரை அன்று காலையில்தான் பார்த்துவிட்டு வந்திருந்தார். இருந்தும் தோன்றவில்லை. இதை எழுதும்போது எனக்கே கோபம் வருகிறது.

*

ரஹிமா கையைத் துடைத்துக்கொண்டு நூலை ஒவ்வொன்றாகப் பிரித்தார். தாள்களைத் தனியாக எடுத்து, மேலே ஒரு ஸ்பேனரை வைத்தார். நான்கு பேக்கிங்கையும் மேஜையில் வரிசையாகப் பரப்பினார்.

"இது எங்க எரிஞ்சிருக்குண்ணா?"

"நாலாவது ஓட்டை. கீழ்ப்பக்கம்."

"இது?"

"அதே நாலாவது. கீழ்ப்பக்கம்."

"இது?"

திருமலைசாமி குனிந்து பார்த்தார். நான்காவதையும் பார்த்தார்.

"நாலு கம்பெனி, நாலு ஊரு" என்றார் ரஹிமா. "கூடிப் பேசி வச்சுக்கிட்டாங்களா?"

மூக்கைச் சரிசெய்து, கட்டி இழுத்துவந்திருந்த கார் வாசலில் நின்றது. ரஹிமா பானட்டைத் திறந்தார். என்ஜினிலிருந்து புகையை வாங்கிக் கொண்டுபோகும் நான்கு குழாய்களைப் போல்ட் போல்ட்டாகக் கழற்றுவதற்கு மதியம் தாண்டிவிட்டது. கழற்றியதை மேஜையில் மல்லாக்க வைத்து, அதன் முகத்தின் மேல் ஒரு இரும்பு ஸ்கேலை நிமிர்த்தி வைத்தார்.

"போன்ல டார்ச் போட்டு அந்தப் பக்கம் புடிங்கண்ணா."

பிடித்தார்.

முதல் ஓட்டை, இரண்டாவது, மூன்றாவது வரை இருட்டு. நான்காவதில் ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் கீற்றாக வந்தது.

"வெளிச்சம் தெரியுதா?"

"தெரியுது."

"புகைக்கும் இந்த வழி தெரியும்."

திருமலைசாமி டார்ச்சை அணைக்காமலே நின்றார்.

"டர்போ மாட்டறப்ப இதுக்கு வெல்டிங் வச்சது யாரு?"

"நாந்தான். என் மில்லுல வச்சு, நானே நின்னு பண்ணினேன்."

"போல்ட் போட்டு இறுக்கி வச்சுப் பண்ணீங்களா, சும்மா மேஜை மேல வச்சா?"

"சும்மாதான்."

"சூட்டுல வளைஞ்சிருச்சு. அப்புறம் கசியக் கசிய என்ன பண்ணீங்க?"

"இன்னும் முறுக்கினேன்."

"இன்னும் வளைஞ்சிருச்சு" என்றார் ரஹிமா. "அது மேல டர்போ வேற தொங்குது. அதுக்குக் கீழ ஒரு முட்டுக் கூடக் கிடையாது. ஓட்டையைப் பெருசாக்குனீங்க, ஆனா பேக்கிங் பழைய ஓட்டை அளவுலயே வாங்கினீங்க. பாவம், நெருப்பு வர்ற வழியில நாக்கை நீட்டிக்கிட்டு நின்னிருக்கு."

திருமலைசாமிக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அதைவிட நிம்மதியாக இருந்தது. நோயின் பேர் தெரிந்துவிட்டதே.

"அப்ப முகத்தைச் சமமா இழைச்சு, டர்போவுக்கு முட்டுக் குடுத்து, பெரிய ஓட்டை அளவுல பேக்கிங் போட்டா?"

"நடுவுல இருந்து ரெண்டு பக்கமும் கொஞ்சங் கொஞ்சமா முறுக்கோணும். ஒருக்கா நல்லா சூடேத்தி, ஆறவிட்டு, மறுபடி முறுக்கோணும். அப்புறம் எரியாது."

"எந்தக் கம்பெனிது வாங்கட்டும்?"

"நீங்க மூணாவதாத் திட்டினீங்களே, ஸ்டீல் மூணு அடுக்கு, அதேதான். உங்க அளவுல கேட்டு வாங்குங்க. நல்ல பேக்கிங்குண்ணா அது."

கும்பிட்டுவிட்டுத் திரும்பினார் சீடர். கேட்க வந்தது கிடைத்துவிட்டது. கால்கூட வாசலுக்குப் போய்விட்டது.

"அண்ணா, இதை விட்டுட்டுப் போறீங்க."

ரஹிமா ஸ்பேனரைத் தூக்கிவிட்டு நான்கு காலண்டர் தாள்களையும் நீட்டினார்.

"அது குப்பை அம்மிணி. சுத்தி வச்ச தாளு."

"யாரு எழுதினது?"

"எங்க வீட்ல. அவ எல்லாத்தையும் எழுதி வைப்பா. ஆறு வருஷமா நோட்டு எழுதின கை, சும்மா இருக்காது."

"படிச்சீங்களா?"

"நீங்க பேக்கிங்தான கேட்டீங்க?"

ரஹிமா கையை மடக்கவில்லை. திருமலைசாமி கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு முதல் தாளைப் படித்தார்.

'பன்னிரண்டாவது கி.மீ. டிக் டிக் என்று சத்தம். என் காலடியில் புகை நாற்றம். அவரிடம் சொன்னேன். ரேலி காரில் மல்லிகைப்பூ வாசமா வரும் என்றார்.'

திருமலைசாமிக்குச் சிரிப்பு வந்தது. நல்ல பதில் சொல்லியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே இரண்டாவதை எடுத்தார்.

'ஒன்பதாவது கி.மீ.யிலேயே சத்தம். தலைவலி. இரண்டு பொட்டும் தெறிக்கிறது.'

மூன்றாவது.

'தலைவலி. வாந்தி. இறங்கிக் காற்றில் நின்றதும் அரை மணியில் சரியாகிவிட்டது. அவருக்கு ஒன்றும் இல்லை. எனக்கு மட்டும் ஏன்?'

சிரிப்பு எப்போதோ போயிருந்தது. நான்காவது தாளில் எழுத்து கோணல்மாணலாக இருந்தது.

'நோட்டில் வலது என்றுதான் இருக்கிறது. நான் எழுதியதுதான். வலது என்றுதான் பார்த்தேன். வாயில் இடது என்று வந்துவிட்டது. ஏன் என்று தெரியவில்லை. தப்பு என்னுடையது. அவருக்கு அடி படாமல் போனதற்குக் கடவுளுக்கு நன்றி.'

ரஹிமா அதற்குள் காரின் இடது கதவைத் திறந்து, சீட்டுக்கு முன்னால் மண்டியிட்டு, கால் வைக்கும் இடத்தில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். என்ஜினையும் ஆள் உட்காரும் இடத்தையும் பிரிக்கிற தகட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஓர் ஓட்டை. அதற்குள் இரண்டு விரலை விட்டார். விரல் கருப்பாக வந்தது.

"ஏசி குழாய் போன வழி இது. கழட்டினப்ப அடைக்கலையாண்ணா?"

"அடைக்கலை."

"நேரா அந்தப் பக்கம்தான் நாலாவது குழாய்."

திருமலைசாமி குனிந்து அந்த ஓட்டையைப் பார்த்தார்.

"நீங்க ஓட்டறப்ப ஜன்னல் கண்ணாடி?"

"எறக்கித்தான் இருக்கும். ஏசி இல்லையே."

"அவங்க பக்கம்?"

"ஏத்தித்தான் இருக்கும். எறக்குனா நோட்டுத் தாள் பறந்துரும்ல. நாந்தான் ஏத்தச்..."

பக்கத்தில் கிடந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தப் புகை மொதல்ல தலையைக் குழப்பும், அப்புறம் தூக்கம் மாதிரி வந்து ஆளைக் கொண்டு போயிரும்ணா" என்றார் ரஹிமா. "அன்னிக்கு அந்தச் சோளக்காட்டுல நின்னீங்க. நிக்காம இன்னும் ஒரு மணி நேரம் ஓடியிருந்தீங்கன்னா..."

ரஹிமா டார்ச்சை அணைத்தார்.

திருமலைசாமி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஐம்பத்து மூன்று வயது ஆள் பட்டறை நடுவில் அழுவதைப் பார்த்து ஜீப்புக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். பயத்தில் பாதி, நன்றியில் பாதி என்று அந்த அழுகை. அவள் உயிரோடு வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாளே என்று நினைக்க நினைக்க, அழுகை கூடியது.

ரஹிமா மேஜைக்குப் போய் நான்கு பேக்கிங்கையும் அடுக்கிக் கையில் எடுத்தார்.

"காரை விட்டுட்டுப் போங்க. நாலு நாள் ஆகும்."

"நான் இப்ப என்ன பண்ணட்டும் அம்மிணி?"

"இதுங்களுக்கு நான் நன்றி சொல்லிக்கறேன். நீங்க வீட்டுக்குக் கிளம்புங்கண்ணா."

*

பஸ்ஸில் போனார். பொள்ளாச்சி வரும்வரை நான்காவது தாளை எத்தனை முறை படித்தார் என்று அவருக்கே தெரியாது. நடுவில் பெங்களூர்க்காரருக்குப் போன் செய்து, மன்னிக்க வேண்டும், வர வேண்டாம் என்று சொன்னார்.

வசந்தாமணி வாசல் கம்பியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார்.

"பேக்கிங் கெடச்சுதா?" என்று சுவரைக் கேட்டார்.

திருமலைசாமி நடந்துபோய்ச் சுவருக்கும் அவருக்கும் நடுவில் நின்றார்.

"வசந்தா, தப்பு உன்னுது இல்ல. புகை. விஷப் புகை. நான் வளைச்ச குழாயில இருந்து, நான் அடைக்காம விட்ட ஓட்டை வழியா, நான் கண்ணாடி ஏத்தச் சொன்ன பக்கத்துக்கு வந்திருக்குது. ஒரு வருஷமா. நீ சொல்லியிருக்க. நான் மல்லிகைப்பூன்னு கேலி பேசியிருக்கேன்."

வசந்தாமணி கையிலிருந்த துணியை மடிக்கவில்லை.

"இருபது பேரு முன்னால உன்னைப் பேசினேன். அந்த இருபது பேரு முன்னாலயும் இதைச் சொல்றேன். நீ வண்டில ஏறாட்டியும் சரி. ஏறாட்டி நானும் ஓட்டல. ஆனா..."

இருபத்தாறு வருஷத்தில் அந்த வீட்டுக்குள் ஒருமுறையும் சொல்லாத வார்த்தை என்பதால் நாக்குக்கு வழி தெரியவில்லை.

"எல்லாத்தையும் எழுதி வச்சியே. ரொம்ப நன்றி. நீ இருக்கறயே, அதுக்கு ரொம்ப நன்றி."

வசந்தாமணி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் நிறைந்து வழிந்தது. துணியாலேயே துடைத்துக்கொண்டார்.

"எனக்குக் கிறுக்குப் புடிச்சுப்போச்சுன்னு நெனச்சுட்டு இருந்தேனுங்க" என்றார். "ஒரு மாசமா. தனியா உக்காந்து எடது கை எது, வலது கை எதுன்னு பாத்துக்குவேன்."

திருமலைசாமியால் அதைத் தாங்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

வசந்தாமணி மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"ஓட்டையை அடைச்சாச்சா?"

"அடைச்சிருவாங்க. குழாயையும் சமமாக்கிருவாங்க."

"அடைச்சாலும் சரி. இனி நான் கண்ணாடியை எறக்கி விட்டுட்டுத்தான் உக்காருவேன்."

"சரி."

"தாள் பறக்கும்."

"பறக்கட்டும்."

"நல்லா வேகமாப் போயிட்டு இருக்கறப்ப பறந்துச்சுன்னா?"

"நிறுத்தறேன் வசந்தா. எறங்கி, நானே பொறுக்கிட்டு வாரேன்."